படகுக்காரன் பேசிய அத்தியாயம்

ஹேரினின் கதைக்குத் தொண்ணூறாயிரம் வாசகர்கள் இருந்தார்கள். அவள் தேடிய ஒருத்தி மட்டும் அதில் இல்லை. ஒருவேளை இருந்தாலும், அவள் வாயைத் திறக்கவில்லை.

தென்கொரியாவின் குன்சான் துறைமுகத்தில், மீன் சந்தைக்குப் பின்னால் இருக்கும் ஒரு அக்குபங்சர் ஊசி வைத்தியசாலையில் அவளுக்கு வரவேற்பு மேசை வேலை. முதுகுவலி, முழங்கால்வலி என்று வருகிறவர்கள் உடம்பெல்லாம் ஊசியோடு இருபது நிமிஷம் அசையாமல் படுத்துக்கிடப்பார்கள். அந்த இருபது இருபது நிமிஷங்களைச் சேர்த்துத்தான் ‘சேற்றுக்கடல் ராஜ்ஜியம்’ என்ற மாயக்கதையைக் கைப்பேசியில் தட்டிக்கொண்டிருந்தாள். வாரத்தில் ஐந்து நாள், மதியம் ஒரு மணிக்கு ஓர் அத்தியாயம் ஒரு கதைத் தளத்தில் ஏறும். ஒன்று ஐந்துக்குக் கருத்துகள் கொட்ட ஆரம்பிக்கும்.

இந்த வாசகர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கென்று ஒரு பாஷை. கதை கொஞ்சம் நின்று நிதானித்தால் போதும், ‘தொண்டையில் வள்ளிக்கிழங்கு அடைக்குது, சோடா கொண்டா’ என்பார்கள். கெட்டவன் அடிபட்டால் சோடா வந்துவிட்டது என்று அர்த்தம். பொறுமை போனால் பஸ்ஸில் கண்டக்டரிடம் சொல்வதுபோல ‘நான் இறங்கிக்கிறேன்’ என்று எழுதிவிட்டுப் போவார்கள். மூன்று தடவை இறங்கியவர்கள் மறுநாள் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்திருப்பதையும் ஹேரின் பார்த்திருக்கிறாள். முதல் அத்தியாயத்திலிருந்து ஒன்றுகூட விடாமல் படித்தவர்களின் பெயருக்குப் பக்கத்தில் தளம் ஒரு சின்னப் பச்சை இலையை ஒட்டிவைக்கும். இலைக்காரர்களுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

முப்பத்தொன்றாம் அத்தியாயத்தில்தான் எல்லாரும் சேர்ந்து அவளைப் பிடித்துக்கொண்டார்கள். கதையில் ஒரு படகுக்காரன் வருகிறான். இளைய ராணியை ஏற்றிக்கொண்டு சேற்றுக்கடலைக் கடக்கிறவன். அவன் ஊமை, குரலைக் கடலுக்குக் கொடுத்துவிட்டான் என்று ஊரே பேசுவதாக முதல் அத்தியாயத்திலேயே எழுதியிருந்தாள். அப்படிப்பட்டவன் முப்பத்தொன்றில், கரையில் நின்ற ராணியைப் பார்த்து, “ஏன் இவ்வளவு நேரம்?” என்று கேட்டுவிட்டான்.

நானூறு கருத்துகள். எழுதியது மறந்துபோச்சா என்று ஒருவன். ஊமைக்கே வாய் வந்துட்டுது, எழுத்தாளருக்கு எப்போ மூளை வரும் என்று இன்னொருவன். பிழையைச் சுட்டிக்காட்டி நல்லபடியாக வணக்கம் போட்டு எழுதியவர்களும் உண்டு. ஹேரின் ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை, அந்த வரியைத் தொடவும் இல்லை. ஏனென்றால் அது மறந்து செய்த பிழை இல்லை. தூண்டிலில் புழு கோக்கிற மாதிரி, தெரிந்தே கோத்தது.

படகுக்காரன் அவளுடையவன் இல்லை. யோன்ஜுவுடையவன்.

பதினைந்து வயதில் இருவரும் ஒரே பெஞ்சு. கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் தொடங்கிய ராஜ்ஜியம் ஏழு நோட்டுகளுக்கு வளர்ந்தது. ஒரு நாள் ஹேரின் எழுதுவாள், மறுநாள் யோன்ஜு. ராணி, கோட்டை, சண்டை எல்லாம் ஹேரின் பங்கு. சேறு, அலை, படகுக்காரன் யோன்ஜு பங்கு. ஒரு தடவை ஹேரின் அவனைப் பேச வைத்துவிட்டாள். யோன்ஜு பச்சைப் பேனாவால் தாள் கிழிகிற அளவுக்கு அடித்தாள். “என்னைக் கேக்காம அவன் வாயத் திறக்கக் கூடாது. ஆமா, சொல்லிட்டேன்” என்றாள். ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆகவே அவன் வாயைத் திறந்தால், உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் அவள் சண்டைக்கு வருவாள் என்பது ஹேரினின் கணக்கு. வேறு வழிகளையெல்லாம் பார்த்தாகிவிட்டது. பழைய மாணவர் குழுவில் கேட்டதற்கு உல்சான் என்றார்கள், கனடா என்றார்கள், யாருக்கும் நிச்சயமில்லை. நாலு மாசமாக, ஒவ்வொரு மதியமும் அந்த நானூறையும் மேலிருந்து கீழே உருட்டிப் பார்த்தாள். திட்டுகள் இருந்தன. அவளுக்கு வேண்டிய திட்டு இல்லை.

தளத்தின் பதிப்பாசிரியர் பியோ ஒரு திங்கட்கிழமை போன் பண்ணினான். ஹேரினைவிட எட்டு வயது சின்னவன், வாய் மட்டும் பெரிது. புதன்கிழமையிலிருந்து கதை காசு கட்டிப் படிக்கிற பகுதிக்குப் போகிறது, அதற்குள் திருத்திய பதிப்பு வேண்டும், பழைய பதிப்பும் அதன் கருத்துகளும் அழிந்துவிடும் என்றான். மற்ற திருத்தங்களுக்கெல்லாம் அவள் சரி சரி என்றாள். முப்பத்தொன்று வந்ததும் நின்றுவிட்டாள்.

“மேடம், ஒரே ஒரு வரி. அதை எடுத்துட்டா நானூறு பேர் வயித்தெரிச்சல் தீந்துடும்.”

“அது இருக்கட்டும், பியோ.”

“சரி, இருக்கட்டும். ஊமை எப்படிப் பேசினான்? அதையாவது சொல்லுங்க, நானே உக்காந்து எல்லாருக்கும் பதில் போடறேன்.” அவன் குரலைத் தணித்துக்கொண்டான். “நீங்க மனசுல என்ன வெச்சிருக்கீங்கன்னு எனக்குத் தெரியாது. ஆனா மேடம், அந்த இடத்துல படகுக்காரன் பேசல. நீங்க பேசறீங்க, அவன் வாயால. படிக்கிறவனுக்கு அது தெரியுது.”

சின்னப் பயல் சொன்னது சுருக்கென்று தைத்தது. சோற்றுப் பெட்டியைத் திறந்தவள் அப்படியே மூடிவைத்தாள்.

உண்மைதானே. இருபது வருஷம் பேசாமல் இருக்கிறவளை ‘நீ முதலில் பேசு’ என்று குறுக்குவழியில் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். பேச வேண்டியவள் யார்?

இருபது வருஷத்துக்கு முன் நடந்தது இது. ஏழாவது நோட்டு கணக்கு வாத்தியார் கையில் சிக்கியது. எழுதியது யார் என்றார். ஹேரின் வகுப்பில் முதல் மாணவி. அவள் அம்மா அந்த வாரம்தான் பள்ளிக்கு வந்து வாத்தியாரைக் கவனித்துவிட்டுப் போயிருந்தாள். “எல்லாம் யோன்ஜு எழுதினது, சார்” என்றாள் ஹேரின். பாதிப் பக்கம் அவள் கையெழுத்து, வாத்தியாருக்கும் அது தெரிந்திருக்கும். ஆனாலும் அடி யோன்ஜுவின் உள்ளங்கையில்தான் விழுந்தது. யோன்ஜு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஹேரினிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பருவம் முடிந்ததும் அவர்கள் குடும்பம் ஊரை விட்டுப் போய்விட்டது.

அடி விழுந்தபோது கதை அவளுடையது. கைதட்டல் விழும்போது மட்டும் என்னுடையதா? இதை நினைத்ததும் ஹேரினுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிதாக, யோன்ஜு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே ‘தள்ளு, நான் எழுதறேன்’ என்று சொல்ல மாட்டாளா என்ற ஏக்கம் இருந்தது.

செவ்வாய்க்கிழமை முழுக்க, ஊசியோடு படுத்திருந்தவர்களின் நேரத்திலெல்லாம் முப்பத்தொன்றைத் திரும்ப எழுதினாள். “ஏன் இவ்வளவு நேரம்?” என்ற வரியை எடுத்துவிட்டாள். கடலுக்குக் குரலைக் கொடுத்த கதை ஊர்ப் புரளி என்று வைத்தாள். நடந்தது வேறு. ராணி சிறுமியாக இருந்தபோது, சேற்றுக்கடலின் ரகசியப் பாதைகளை அவளும் படகுக்காரனும் சேர்ந்து ஒரு தோலில் வரைந்தார்கள். காவலர்கள் பிடித்தபோது ராணி அவனைக் கைகாட்டினாள். எல்லாம் அவன் வரைந்தது என்றாள். துடுப்பால் அவன் உள்ளங்கையில் ஐந்து அடி. அன்றிலிருந்து அவன் பேசுவதில்லை. இதையெல்லாம் ராணியே, படகின் நடுவில் நின்று, அவன் முதுகைப் பார்த்துச் சொன்னாள். மன்னிப்புக் கேட்கும் இடத்தில் அவளுக்குச் சொல் வரவில்லை, அதனால் ‘நானும்தான் வரைந்தேன்’ என்று மட்டும் சொன்னாள். படகுக்காரன் திரும்பவில்லை, துடுப்புப் போட்டுக்கொண்டே போனான்.

பியோ படித்துவிட்டு, கிழங்குதான், ஆனால் நல்ல கிழங்கு என்று செய்தி அனுப்பினான். புதன்கிழமை ஒரு மணிக்குத் திருத்திய முப்பத்தொன்றாம் அத்தியாயம் ஏறியது. பழைய நானூறும் அழிந்தன.

ஒன்று பத்து. சோடா எங்கே என்று ஒருவர். ராணி இவ்வளவு மோசமா, நான் இறங்கிக்கிறேன் என்று ஒருவர். அழுதேன் என்று நாலைந்து பேர். ஹேரின் ஒரு கிழவரின் முதுகில் வெப்ப விளக்கைச் சரிசெய்துவிட்டு வந்து, மறுபடி உருட்டினாள். கடைசியில் ஒன்று புதிதாக வந்திருந்தது. பெயர்கூட வைத்துக்கொள்ளாத கணக்கு, தளம் தானாகக் கொடுத்த எண்தான் பெயர். அதுவரை எங்கும் ஒரு கருத்தும் எழுதியதில்லை.

“அஞ்சு இல்ல, ஏழு. நீ தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருந்தே, எண்ணியிருக்க மாட்டே. திருத்து.”

அதற்குக் கீழே அதற்குள் ஒருவன், யாருப்பா இது, எழுத்தாளரையே நீ வா போங்கிறது என்று சண்டைக்கு வந்திருந்தான்.

ஹேரின் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பக்கத்தில் சின்னதாக ஒரு பச்சை இலை இருந்தது. முதல் அத்தியாயத்திலிருந்து ஒருநாள்கூட விடவில்லை. ஊமை வாய் திறந்த அன்றும் படித்திருக்கிறாள், பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறாள். இத்தனை மாசமும் எதிரிலேயே இருந்திருக்கிறாள். ஹேரினுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. உள்ளேயிருந்து கிழவர், “ஏம்மா, விளக்கு சுடுது” என்று இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் காதில் விழுந்தது. ஓடிப்போய் நகர்த்தி வைத்துவிட்டு வந்தாள்.

திருத்தப் பக்கத்தைத் திறந்து ‘ஐந்து’ என்பதை அழித்து ‘ஏழு’ என்று எழுதினாள். ஐந்தே அவளுக்கு அதிகமாகத்தான் தோன்றியிருந்தது. கூட இரண்டு அடியையும் சேர்த்து யோன்ஜு தனியாக எண்ணியிருக்கிறாள். அத்தியாயத்தின் அடியில் எழுத்தாளர் குறிப்பு எழுதும் இடத்தில் இப்படிப் போட்டாள்: ‘பிழை திருத்தப்பட்டது. படகுக்காரனைப் படைத்தவள் நான் அல்ல, என் சிநேகிதி. பாதிக் கதை அவள் எழுதியது. அவன் எப்போது பேசுவான் என்று இனி அவள்தான் சொல்ல வேண்டும்.’

பதிவு செய்தாள். இருபது நிமிஷ மணி அடித்தது, கிழவருக்கு ஊசி எடுக்கும் நேரம். எழுந்து போகும்போது கைப்பேசியை எப்போதும் மேசை இழுப்பறையில் போட்டு மூடிவிட்டுப் போவாள். அன்று அதை மேல்கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு போனாள்.