மூன்றாவது கடை

அப்பாவை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோய் மூன்று மணி நேரமாகியும் கதவுக்கு மேலிருந்த சிவப்பு விளக்கு அணையவில்லை. வெளியே பெஞ்சில் என் இரண்டு அண்ணன்களும் எந்தக் கடை பீட்சா நல்லது என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பெட்ரோல் பங்க் பக்கத்துக் கடைதான். அடி மொறுமொறுன்னு இருக்கும்" என்றான் பெரியண்ணன்.

"அது வெறும் அட்டை. பாலத்தடிக் கடையில சாப்பிட்டுட்டுப் பேசு" என்றான் சின்னண்ணன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உள்ள அப்பா கிடக்கறாரு, உங்களுக்கு நாக்கு ருசி கேக்குதா? வாயை மூடுங்க."

மூடினார்கள். பெரியவனுக்குக் கால் ஆடத் தொடங்கியது. சின்னவன் நகத்தைக் கடித்தான். நான் விளக்கையே பார்த்தேன். அந்த அமைதியை ஐந்து நிமிடம்கூட என்னால் தாங்க முடியவில்லை.

"ரெண்டுமே மோசம்" என்றேன். "ஸ்கூலுக்கு எதிர்ல இருக்கே, அந்தக் கடைதான் பெஸ்ட்."

"அதெல்லாம் ஒரு பீட்சாவா?" என்று இருவரும் ஒன்றாக என்மேல் பாய்ந்தார்கள்.

எனக்கு மூச்சு வந்தது.