ரெஜிஸின் மேஜையில் என் மீன்

குற்றம் கண்டுபிடிக்கத்தான் போனேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்னெசி ஏரிக்கரையில் ரெஜிஸ் கோர்மோவின் உணவகத்துக்குப் போகிறவர்கள் பல மாதம் முன்பே இடம் சொல்லிவைத்து, நாக்கில் எச்சில் ஊறப் போவார்கள். நான் வயிறு எரியப் போனேன்.

நாங்கள் அங்கே விடுமுறைக்குப் போயிருந்தோம். வழக்கம்போல ஏரியின் மறுகரையில், காருக்குப் பின்னால் இழுத்துவரும் வீட்டுவண்டிகளான கேரவன்கள் நிற்கும் மைதானத்தில், துணி காயப்போடும் கயிறுகளுக்கு நடுவே எங்கள் கேரவனும் நின்றது. என் மனைவி ஓடிலுக்கு எங்கள் ஊர் காம்ப்ரே அஞ்சலகத்தில் வேலை. அவளுடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்கு, கூட வேலை பார்க்கும் பெண்கள் எல்லாம் சேர்ந்து இந்த உணவகத்தில் இருவருக்கு மதிய விருந்தைப் பரிசாகக் கொடுத்துவிட்டார்கள். பிரான்ஸ் முழுக்க எத்தனையோ உணவகம் இருக்க, அவர்கள் கண்ணுக்கு இவன்தான் பட்டான். ஓடிலுக்கு விஷயம் தெரியும். இருபத்தைந்து வருடமாக நான் ரெஜிஸைத் திட்டுவதைக் கேட்டுக் கேட்டு அவளுக்குப் பாடமே ஆகிவிட்டது. "நீ வரலைன்னா பக்கத்துக் கேரவன் ஆளக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள். பக்கத்துக் கேரவன் ஆள் நன்றாகவே இருப்பான். கிளம்பிவிட்டேன்.

ரெஜிஸும் நானும் ஒரே சமையல் பள்ளியில் இரண்டு வருடம் படித்தவர்கள். பக்கத்துப் பக்கத்து அடுப்பு. படிப்பு முடியும் நாளில் ஆசிரியர் எல்லோருக்கும் ஒரு போட்டி வைத்தார். நான் சிவப்பு ஒயின் சாற்றில் மீன் செய்தேன். முதல் பரிசு. ரெஜிஸ் கன்று ஈரல் செய்யப் போய்க் கருக்கிவிட்டான். பூஜ்யம். அன்றைக்கு யாரையாவது கேட்டிருந்தால், பெரிய ஆளாகப் போகிறவன் தியெரி வாசர்தான் என்று என்னைத்தான் காட்டியிருப்பார்கள்.

அவன் பாரிஸ் போனான். நான் இரண்டு மாதத்துக்கு மட்டும் என்று ஊரில் ஒரு பள்ளிக்கூடச் சமையற்கட்டில் சேர்ந்தேன். அந்த இரண்டு மாதம் முப்பத்து மூன்று வருடமாகிவிட்டது. நானூறு பிள்ளைகள். செவ்வாய் மசித்த உருளைக்கிழங்கு, வெள்ளி மீன் துண்டு. இதற்குள் ரெஜிஸ், சிறந்த உணவகங்களுக்குக் கொடுக்கிற நட்சத்திரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வாங்கினான். டி.வி.யில் அவன் முகம் வந்தால் நான் சேனலை மாற்றுவேன். ஒருமுறை பல் டாக்டர் வீட்டில் காத்திருந்தபோது, பத்திரிகையில் அவன் படம் போட்ட பக்கத்தைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அடுத்து வருகிறவர்களாவது நிம்மதியாக இருக்கட்டும்.

உணவகத்தில் உட்கார்ந்ததுமே எரிச்சல் தொடங்கிவிட்டது. ஓடிலின் கைப்பையை வைக்கத் தனியாக ஒரு குட்டி முக்காலி கொண்டுவந்து போட்டார்கள். பைக்கு நாற்காலி. முப்பது வருடமாக என் சமையற்கட்டில் நான் உட்கார ஒரு நல்ல நாற்காலி கேட்டுக்கொண்டிருக்கிறேன். மேஜை விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்தேன். இல்லை.

அங்கே என்ன வேண்டும் என்று கேட்பதில்லை. ரெஜிஸ் என்ன அனுப்புகிறானோ அதைச் சாப்பிட வேண்டும். சாப்பிட்டது என்னவென்று எழுதிய அட்டையை ஓர் உறையில் போட்டுப் போகும்போது கொடுப்பார்கள். என்ன திமிர் பாருங்கள் என்று நான் சொன்னேன். நம் கேரவனிலும் அப்படித்தானே, உனக்கு என்ன வேண்டும் என்று நான் என்றைக்காவது கேட்டிருக்கிறேனா என்றாள் ஓடில்.

முதலில் ஒரு கரண்டி அளவுக்குப் பட்டாணிக் கூழ் வந்தது. உப்பு கூடியிருக்கும் என்று நினைத்து வாயில் வைத்தேன். சரியாக இருந்தது. அடுத்து நண்டு. ஏதாவது கூட என்றோ குறைச்சல் என்றோ சொல்லலாம் என்று மென்றேன், ஒன்றும் அகப்படவில்லை. ரொட்டி சூடாக இருந்தது. வெண்ணெய் இளகாமல், இறுகாமல் கத்தி சொன்னபடி கேட்டது. பரிமாறுகிறவர் தட்டைத் தப்பான பக்கத்திலிருந்து எடுப்பாரா என்று பார்த்தேன். எடுக்கவில்லை. எதிரில் ஓடில் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். என் சமையலை அவள் ஒருநாளும் கண்ணை மூடிச் சாப்பிட்டதில்லை. டி.வி. பார்த்துக்கொண்டுதான் சாப்பிடுவாள்.

"என்னப்பா, ஒண்ணும் சிக்கலையா?" என்று கேட்டாள்.

"இன்னும் நேரம் இருக்கு" என்றேன்.

நான்காவதாக மீன் வந்தது.

வெள்ளைத் தட்டு. நடுவில் ஏரி மீனின் ஒரு துண்டு. சுற்றிலும் கறுப்போடு சேர்ந்த சிவப்பில் சாறு. வாயில் வைக்கவே இல்லை, வாசனையிலேயே தெரிந்துவிட்டது. அது என் மீன். சின்ன வெங்காயத்தைத் தோலோடு வதக்குவது, ஒயினை இரண்டு தடவையாக ஊற்றுவது, கடைசியில் ஒரு துண்டு ரொட்டி ஓரம் போட்டுக் கரைப்பது, அத்தனையும் நான் செய்தது. ஒரு விள்ளல் எடுத்து வாயில் வைத்ததும் சந்தேகமே இல்லை.

"திருடன்" என்றேன். பக்கத்து மேஜையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குரலைத் தாழ்த்தி ஓடிலிடம் விஷயத்தைச் சொன்னேன். என் மீனைத் திருடித்தான் இவன் ஏரிக்கரையில் வீடு கட்டியிருக்கிறான் என்றேன். அவன் வரட்டும், எல்லோர் முன்னாலும் கேட்கிறேன் என்றேன். முப்பத்து மூன்று வருடத்தில் முதல் தடவையாக எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவனிடம் ஒரு குற்றம், அதுவும் இத்தனை பெரிய குற்றம், கிடைத்துவிட்டதே.

ஓடில் தட்டை ரொட்டியால் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "இந்த மீன எனக்கு ஒரே ஒரு தடவ செஞ்சு கொடுத்த. கல்யாணமான புதுசுல. இப்படி இல்ல."

அது உண்மை. அன்றைக்கு ஒயின் சரியில்லை என்று சொல்லிச் சமாளித்தேன்.

ரெஜிஸ் பழங்காலத்து வழக்கப்படி விருந்து முடிகிற நேரத்தில் வெள்ளைச் சட்டையோடு மேஜை மேஜையாக வருவான் என்று தெரியும். வந்தான். முடி நரைத்திருந்தது, ஆனால் உதிரவில்லை. தொப்பை கிடையாது. சமையல்காரனுக்குத் தொப்பை இல்லாமல் இருப்பது ஒரு பிழைப்பா? எனக்குத் தலையில் முடி இல்லை, முகம் முழுக்கத் தாடி, சமையல் பள்ளி நாளைவிட முப்பது கிலோ கூட. பதிவு ஓடில் லெமேர் என்று அவள் பிறந்த வீட்டுப் பெயரில் இருந்தது. அவன் என்னைப் பார்த்தான். சாதாரணமாகச் சிரித்தான். அடையாளம் தெரியவில்லை.

கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் ஓடில், எல்லாவற்றையும்விட மீன்தான் பிரமாதம் என்று சொல்லிவிட்டாள்.

அவன் முகம் மாறியது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

"அது என்னோடது இல்ல மேடம்" என்றான். "என்கூடப் படிச்ச ஒருத்தனோடது. போட்டியில நான் ஈரலக் கருக்கிட்டு, வெளியில முற்றத்துல உக்காந்து அழுதுக்கிட்டிருந்தேன். எல்லாரும் உள்ள கைதட்டிக்கிட்டிருக்காங்க. அவன் மட்டும் ஒரு கரண்டிச் சாறு எடுத்துக்கிட்டு என்னத் தேடி வெளிய வந்தான். அந்த ஒரு கரண்டிக்காகத்தான் நான் சமையல விடாம இருந்தேன்."

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கரண்டி கொண்டுபோனது நினைவிருக்கிறது. ஆறுதலுக்கா கொண்டுபோனேன்? எப்படிச் சமைக்க வேண்டும் என்று அவனுக்குக் காட்டத்தான் கொண்டுபோனேன். அழுகிறவனிடம் போய் ருசி பார்க்கச் சொன்னவன் நான்.

அந்த நண்பனை ரொம்ப நாள் தேடியதாகவும், படித்த பள்ளியில் விசாரித்தும் தெரியவில்லை என்றும் ரெஜிஸ் சொன்னான். பிறகு, எங்களிடம் சொல்வதா வேண்டாமா என்று யோசிக்கிறவன் மாதிரி நின்று, மெதுவாகச் சொன்னான்.

"ஆனா மேடம், இது அது இல்ல. ஏதோ ஒண்ணு கொறையுது. முப்பது வருஷமா என்னென்னவோ போட்டுப் பாத்துட்டேன். அடியில ஒரு கசப்பு இருந்துச்சு, அது வரவே மாட்டேங்குது. அவன் கை அப்படி."

ஓடில் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள். ரெஜிஸ் என் பக்கம் திரும்பி, நான் என்ன வேலை செய்கிறேன் என்று மரியாதைக்குக் கேட்டான்.

"டயர் கடை" என்றேன்.

நல்ல தொழில் என்று சொல்லி, கைகுலுக்கிவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டான்.

என்ன குறைகிறது என்று எனக்குத் தெரியும். உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஓடிலுக்குக்கூடச் சொன்னதில்லை. அந்தப் போட்டி நாளில் நான் தாமதமாக வந்தேன். சட்டி ஒன்றும் மிச்சமில்லை. கழுவும் தொட்டியில் ஒன்று கிடந்தது, ரெஜிஸ் ஈரலைக் கருக்கிய சட்டி. அடியில் கருக்கு ஒட்டியிருந்தது. கருகிய சட்டியைத் தொடுகிறவன் சமையல்காரனே இல்லை என்பது ஆசிரியர் முதல் நாளே சொன்ன பாடம். ஆசிரியர் அவனைத் திட்டிக்கொண்டிருந்த நேரத்தில் நான் அதை எடுத்து, கழுவ நேரமில்லாமல் அப்படியே வெங்காயத்தைப் போட்டு ஒயினை ஊற்றினேன். அந்தக் கசப்பு என் கையிலிருந்து வந்ததல்ல. அவனுடைய கருகிய ஈரல். அவன் பூஜ்யம் வாங்கிய அதே சட்டிதான் எனக்கு முதல் பரிசு வாங்கித் தந்தது. ஒழுங்காகப் படித்த எந்தச் சமையல்காரனுக்கும் அது தோன்றவே தோன்றாது. அவன் இன்னும் முப்பது வருடம் தேடினாலும் கிடைக்காது.

சொல்வேனா? அவனுக்கு ஏரி இருக்கிறது, நட்சத்திரம் இருக்கிறது, தலையில் முடிகூட இருக்கிறது. அவனிடம் இல்லாத ஒரே ஒரு பொருள் என்னிடம் இருக்கிறது. இனிப்பு வந்தது. அதைக் கடைசித் துளி வரை சந்தோஷமாகச் சாப்பிட்டேன். முதல் தடவையாக நானும் கண்ணை மூடினேன்.

வெளியே வந்து காரில் ஏறியதும் ஓடில் உறையைப் பிரித்தாள். படித்தாள். மறுபடி படித்தாள். பிறகு என் மடியில் அட்டையைப் போட்டாள்.

நான்காவது வரியில் இருந்தது: ஏரி மீன், தியெரி வாசர் செய்தபடி.

அச்சில் என் பெயர். சமையல் பள்ளிச் சான்றிதழுக்குப் பிறகு அது எங்கேயும் அச்சில் வந்ததில்லை. முதலில் அதை விரலால் தடவிப் பார்த்தேன். அடுத்த நொடி வயிறு எரியத் தொடங்கியது, உணவகத்துக்குள் எரிந்ததைவிட அதிகமாக. திருடனாகவாவது இருந்து தொலைத்திருக்கக் கூடாதா? நல்லவன் என்ற பெயரையும் அவனேதானா வாங்க வேண்டும்?

"டயர் கடைக்காரரே, போலாமா?" என்றாள் ஓடில்.

சாவியைத் திருப்பினேன். நிறுத்தினேன். வேறொன்று உறைத்தது. தினமும் மதியம் நாற்பது பேர், இரவு நாற்பது பேர், உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ வந்து, என் பெயர் போட்ட மீனைச் சாப்பிடுகிறார்கள். குறையோடு சாப்பிடுகிறார்கள். நாக்கு தெரிந்தவன் எவனாவது, மற்றதெல்லாம் பிரமாதம், அந்த வாசர் மீனில் மட்டும் ஏதோ இல்லை என்று சொல்லிக்கொண்டு போவான். ரெஜிஸின் பெயர் போட்ட பத்துத் தட்டிலும் குற்றம் இல்லை. என் பெயர் போட்ட ஒரே தட்டில்தான் இருக்கிறது. அந்த மதியம் முழுக்க நான் தேடிய குற்றம் அதுதான், அதற்குச் சொந்தக்காரன் நான்.

என்னால் அதைத் தாங்க முடியவில்லை. காரை விட்டு இறங்கினேன். எங்கே என்று ஓடில் கேட்பதற்குள் பாதி தூரம் நடந்துவிட்டேன்.

சமையற்கட்டின் பின்கதவு வெக்கைக்காகத் திறந்திருந்தது. உள்ளே அடுப்புகள் அணைந்திருந்தன. என் வயதுள்ள ஒரு பெண், கைகளில் ரப்பர் உறையோடு, செம்புச் சட்டிகளைத் தொட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ரெஜிஸ் ஓரமாக நின்று, அன்றைக்கு முதல் தடவையாக ஒரு நாற்காலியில் உட்காரப் போகிறவன் மாதிரி இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், ஏதாவது மறந்துவிட்டீர்களா என்று கேட்டான்.

இதைச் சொன்னால் அந்த முதல் பரிசும் போய்விடும். எனக்கு இருந்தது அது ஒன்றுதான். வாசலில் கையை ஊன்றிக்கொண்டேன்.

"டேய் ரெஜி" என்றேன். "அன்னிக்கு நீ கருக்கின ஈரல் சட்டிடா அது. கழுவாம அதுலதான் நான் மீன் வெச்சேன்."