ஓட்டை மணிகள்

அவள் மருந்து மணிகள் செய்பவள். வெறும் கண்ணுக்கு வெள்ளைத் தூள். நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வொன்றும் குட்டிக் கோலிக்குண்டு. உடம்புக்குள் தானே கரைந்துபோகும் பாலிமருக்குள் மருந்தை வைத்துச் செய்தது. வலிக்கிற மூட்டில் ஊசியாகப் போட்டால், மருந்து அங்கேயே சிறுகச் சிறுகக் கசியும்.

கொஞ்ச நாளாக மணிகள் அவளுக்குப் போக்குக் காட்டின. ஒரு நாள் வழவழவென்று வரும். இன்னொரு நாள் அதே அளவு, அதே சூடு, அதே வேகம். ஆனால் மணியெல்லாம் பஞ்சுபோல ஓட்டை. ஓட்டை மணியில் மருந்து தங்காது, உடனே கொட்டிவிடும்.

கெட்ட நாட்களை நினைத்துப் பார்த்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்து ஆய்வறையில் பசை ஆராய்ச்சி செய்பவள் அவளுடைய நாத்தனார், கணவனின் அக்கா. அவள் விடுப்பு எடுத்த நாளெல்லாம் மணி ஓட்டை.

அன்று இரவு வீட்டில் சாப்பிடும்போது சொல்லியேவிட்டாள். "அக்கா, நீங்க வரலைன்னா என் மணி கெட்டுப்போகுது."

"நாத்தனார் வந்தாத்தான் எல்லாம் கெடும்னு சொல்லுவாங்க. நீ என்ன மாத்திச் சொல்ற?"

கணவன் குனிந்து சோற்றைப் பிசைந்தான். நடுவில் பேசிப் பட்டறிந்தவன்.

"நிஜமாத்தான். நீங்க இல்லாதப்ப உங்க ரூம்ல என்ன மாறுது?"

நாத்தனார் யோசித்தாள். "ஒண்ணும் இல்லையே. ஆவி இழுக்குற பெட்டியோட கண்ணாடிய இறக்கி விட்டுட்டுப் போவேன்." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். "நம்ம ரெண்டு பெட்டிக்கும் மேல ஒரே குழாய்தானே?"

மறுநாள் சோதித்தார்கள். நாத்தனார் தன் பெட்டியை மூடியதும், இவள் பெட்டிக்குள் பிடித்திருந்த நூல் விறைத்துக் கிடையாக நின்றது. அங்கே அடைபட்ட இழுப்பும் சேர்ந்து இங்கே காற்றை வேகமாக இழுத்தது. பாலிமரைக் கரைத்திருந்த திரவம் அவசரமாக ஆவியாகி, இறுகிக்கொண்டிருந்த மணியைத் துளைத்துக்கொண்டு வெளியேறியிருக்கிறது. காற்றைக் கட்டுப்படுத்தியதும் மணிகள் பழையபடி வழவழப்பாயின.

கெட்ட மணிகளை அவள் கொட்டப் போனாள். நாத்தனார் குப்பியை வாங்கி ஆட்டிப் பார்த்தாள்.

"இவ்வளவு லேசா இருக்கே. இதை ஊசியாத்தான் போடணுமா? நுரையீரல் நோய்க்கு மூச்சுல இழுத்தா?"

அவள் குப்பியைத் திரும்ப வாங்கிப் பார்த்தாள். கனமான தூள் தொண்டையிலேயே படிந்துவிடும். லேசானது நுரையீரலின் ஆழம்வரை போகலாம்.

சுவாசப்பாதைபோல அடுக்கடுக்காகத் தட்டுகள் வைத்த கருவி ஒன்று கீழ்த்தளத்தில் இருந்தது. வழவழ மணிகளை ஊதினார்கள். பெரும்பாலும் மேல்தட்டிலேயே நின்றுவிட்டன. ஓட்டை மணிகளை ஊதிவிட்டு அடித்தட்டைக் கழற்றினார்கள். மெல்லிய வெள்ளைப் படலம்.

"போய்ச் சேர்ந்துடுச்சு," என்றாள் நாத்தனார், ரகசியம் சொல்வதுபோல.

"சேருது. ஆனா சேர்ந்ததும் மருந்தைக் கொட்டிடுமே, அக்கா."

"வெளியில மட்டும் ஓட்டைய அடைச்சா?"

"எதை வெச்சு?"

நாத்தனார் சிரித்தாள். "இத்தனை வருஷமா நான் பசைதானே காய்ச்சுறேன்."