உபசாரத்துக்குச் சொன்னது

கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள்ளிருந்து முதலில் வெளியே வந்தவர் பூட்டு ரிப்பேர்க்காரர். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவரின் வீட்டு மணியை ஒரே ஒரு தடவை அழுத்திவிட்டு, கதவிலிருந்து மூன்றடி தள்ளி நின்றார். ஆளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கிட்டத்தில் பார்த்தால் உடம்பின் ஓரங்கள் மட்டும் படிக்கட்டு மாதிரி வெட்டுப்பட்டுத் தெரியும், நிழல் எந்நேரமும் இடது பக்கமே விழும். "ஒரு நாள் வீட்டுக்கு வாங்கன்னு சொன்னீங்களே" என்றார். போன வாரம் விளையாட்டில் அவரிடம் ஒரு சாவி வாங்கிக்கொண்டு, போகிற போக்கில் டாக்டர் அப்படி டைப் அடித்திருந்தது உண்மைதான். விலாசம் எப்படிக் கிடைத்தது என்று கேட்க வழியில்லை, விளையாட்டில் சேரும்போது அவரே நிரப்பிக் கொடுத்தது. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். அந்த மாதம் முடிவதற்குள் நகரத்தில் நானூற்றுச் சொச்சம் வீடுகளில் இப்படி ஒரு விருந்தாளி இருந்தார்.

இதற்கெல்லாம் காரணம் விளையாட்டுக் கம்பெனியின் நான்காவது மாடியில், ஜன்னல் இல்லாத மூலையில் வேலை பார்த்த ஒரு பெண். அனிமேஷன்காரர்கள் விளையாட்டில் வரும் பொம்மையின் கைகாலை அசைத்துக் கொடுப்பார்கள். அது மனுஷ ஜன்மம் மாதிரி நடந்துகொள்வதற்கு அவள் பொறுப்பு. எவ்வளவு தள்ளி நிற்பது, பேச்சின் நடுவே எப்போது பார்வையை விலக்குவது, இதெல்லாம் அவள் எழுதியது. ஆபீஸில் அவளுக்கு மரியாதை என்றே பெயர். அவள் வருவதற்கு முன்னால் பொம்மைகள் பேசி முடித்ததும் மரம் மாதிரி நின்றன. அவள் பஸ் ஸ்டாப்பிலும் பேங்க் வரிசையிலும் நோட்டும் கையுமாக மூன்று வருடம் அலைந்தாள். கிளம்புகிறேன் என்று சொன்ன மனிதர் உண்மையில் கிளம்பப் பதினேழு நிமிடம் ஆகும் என்பது அவள் கண்டுபிடிப்பு. தண்ணீர் கொடுத்தால் முதல் தடவை வேண்டாம் என்பது, இரண்டாம் தடவை வாங்கிக்கொள்வது, வீட்டுக்குக் கூப்பிட்டால் கட்டாயம் வருகிறேன் என்பது எல்லாவற்றையும் பொம்மைகளுக்குள் போட்டாள். கூப்பிடுவது சும்மா ஒரு பேச்சுக்கு என்பதைப் போட மறந்துவிட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, நமக்கே அதை யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை.

வந்ததுகூடப் பரவாயில்லை, போகாததுதான் சிக்கல். விருந்தாளி அரைமணியில் ஒழுங்காக எழுந்து "அப்ப நான் கிளம்பறேன்" என்பார். வீட்டுக்காரர் பழக்கதோஷத்தில் "அட இருங்க, அதுக்குள்ள என்ன அவசரம்" என்பார். விருந்தாளி திரும்ப உட்கார்ந்துவிடுவார். இனிமேல் அப்படி எழுந்தால் "சரி" என்று மட்டும் சொல்லும்படி கம்பெனி வீட்டுக்கு வீடு தாள் அனுப்பியது. அந்த ஒரு வார்த்தையை நகரத்தில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. ஒரு போலீஸ் அதிகாரி கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகைகூடப் பார்த்தார். நேரம் வந்தபோது வாயிலிருந்து விழுந்தது "சாப்பிட்டுட்டுப் போகலாமே". பல் டாக்டர் வீட்டில் இருந்த பூட்டெல்லாம் சரியாகி, பூட்டே இல்லாத அலமாரிக்கும் பூட்டு வந்துவிட்டது. பேசாமல் நாமே கிளம்பிவிடலாம் என்றாள் டாக்டரின் மனைவி.

மேனேஜர் மரியாதையைக் கூப்பிட்டார். மொத்தமாக அழித்துவிடலாம், ஒரு வரி வேலை என்றார். அவள் ஒரு மாதம் தவணை கேட்டாள். நிஜமான 'இருங்க' எது, உபசாரத்துக்குச் சொல்லும் 'இருங்க' எது என்று பொம்மைகளுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால் வேண்டாத இடத்திலிருந்து அவர்களே நாசூக்காகக் கிளம்பிவிடுவார்கள் என்றாள். வீட்டுக்காரர்கள் 'இருங்க' என்று சொல்லும் குரலைப் பதிய வீடு வீடாகப் போனாள். அவள் கையிலிருந்த பட்டியலில் எல்லா விலாசத்துக்கும் எதிரே ஒரு புகார் இருந்தது. ஒன்றுக்கு எதிரே மட்டும் 'புகார் இல்லை' என்றிருந்தது. அது அவளுடைய அக்கா வீடு.

அக்காவும் அவளும் பேசி ஆறு வருடம் ஆகியிருந்தது. அத்தான் இறந்த வாரம், வாசல்வரை வந்த அக்கா, "ரெண்டு நாள் இருந்துட்டுப் போயேன்" என்றாள். முகத்தைப் பார்க்காமல், வந்தவர் போனவர் எல்லோரிடமும் சொன்ன அதே குரலில் சொன்னாள். மரியாதை அதை உபசாரம் என்று எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அக்கா போனை எடுக்கவில்லை. ஊரார் பேச்சையெல்லாம் நோட்டில் எழுதியவளுக்குக் கூடப்பிறந்தவளின் ஒரு வார்த்தை பிடிபடவில்லையே என்று ஆறு வருடமும் உறுத்திக்கொண்டே இருந்தது.

அக்கா தன் ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் தனியாக இருந்தாள். அவளிடம் வந்து தங்கியிருந்தது விளையாட்டின் தையல்காரி.

"அவளைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தியா?" என்றாள் அக்கா.

"இல்ல. நீ அவகிட்ட இருன்னு சொல்றதைப் பதியணும்."

"காலையில எழுந்தா, நல்லா தூங்கினீங்களான்னு கேக்க ஒருத்தி இருக்கா. அதைப் பறிச்சிடாத."

பதிந்துகொண்டு மரியாதை நின்றபடியே திரும்பிவிட்டாள். ஆபீஸில் எல்லாவற்றையும் போட்டுக் கேட்டாள். நானூறு குரலில் அக்கா குரல்தான் தட்டையாக இருந்தது. அந்தக் குரலை வைத்துப் பார்த்தால் தையல்காரி முதல் நாளே கிளம்பிவிடுவாள்.

இருபது நாள் கழித்துத்தான் விஷயம் குரலில் இல்லை என்று தெரிந்தது. உபசாரத்துக்குச் சொல்பவர்கள் சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். நிஜமாகச் சொல்பவர்களுக்கு முக்கால் வினாடி கூடப் பிடிக்கிறது, மறுத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தினால். மரியாதை அதை எழுதிப் போட்டாள். திங்கட்கிழமை காலை விருந்தாளிகள் எல்லோரும் எழுந்து கிளம்புகிறேன் என்றார்கள், எல்லா வீட்டிலும் இருங்க என்றார்கள், விருந்தாளிகள் சிரித்துவிட்டுக் கிளம்பினார்கள். முப்பத்தோரு வீட்டில் மட்டும் உட்கார்ந்துவிட்டார்கள். அதில் ஒன்று மேனேஜர் வீடு என்பது அன்றைக்குத்தான் வெளியே தெரிந்தது. பூட்டு ரிப்பேர்க்காரர் போன பிறகும் பல் டாக்டர், தான் மனசாரத்தான் சொன்னதாகக் கடைசிவரை வாதாடினார்.

அன்று சாயங்காலம் மரியாதை அக்கா வீட்டுப் படி ஏறினாள். தையல்காரி அங்கேதான் இருந்தாள், ஒரு சட்டைக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்தாள். அக்கா கதவைத் திறந்துவிட்டாள், தண்ணீர் கொடுத்தாள், கடையில் பேப்பர் மாட்டிக்கொண்டதைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினாள். மரியாதை நின்றபடியே தண்ணீரைக் குடித்துவிட்டு வாசலுக்குப் போய், "அப்ப நான் கிளம்பறேன்" என்றாள்.

அக்கா துணி மடித்துக்கொண்டே, தலை நிமிராமல், "இரு" என்றாள்.

வினாடியை எண்ண வேண்டும் என்பதே மரியாதைக்கு மறந்துபோயிற்று. செருப்பில் ஒரு காலும் வீட்டுக்குள் ஒரு காலுமாக நின்றாள்.

தையல்காரி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நிஜமாத்தான் சொல்றாங்க, உட்காருங்க" என்றாள். அந்த வீட்டில் நாற்காலி இரண்டுதான். தன்னுடையதை மரியாதைக்குக் கொடுத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து அடுத்த பட்டனை எடுத்தாள்.