மகனுக்குத் தெரிவிக்க வேண்டாம்

கோட்டின் இடது கை ஏறவில்லை. அமலா அப்பாவின் முழங்கையை மடக்கிப் பார்த்தாள், மடங்கவில்லை. விடிகாலை ஐந்தே முக்காலுக்குப் போன உயிர். இப்போது மணி பதினொன்றாகிறது.

"மல்லுக்கட்டாதளா. முதுகுப் பக்கம் வெட்டிட்டு ரெண்டு பக்கமும் சொருகிருவோம். எல்லாருக்கும் அப்பிடித்தான் போடுதது. முன்னாடி நின்னு பாக்கவங்களுக்குத் தெரியாது" என்றாள் பவுன் அக்கா.

பவுன் அக்கா எதிர்வீடு. பூனா போபோடியில் தமிழ்ச் சபையார் வீட்டில் பிறப்போ இறப்போ எதுவானாலும் அவள்தான் முதலில் வந்து நிற்பாள். கத்தரிக்கோலைக் கையோடு கொண்டு வந்திருந்தாள். கறுப்புத் துணி காலரிலிருந்து கீழ்வரை ஒரே கீறலாகக் கிழிந்தது. தம்பி ஹெர்பர்ட்டை ஜாம்பியாவுக்கு ஊழியத்துக்கு அனுப்பிய நாளன்று போடுவதற்காக அப்பா தைத்த கோட்டு அது. இருபத்து மூன்று வருஷத்தில் நாலு தடவை போட்டிருப்பார்.

அப்பாவுக்கு ஆரோக்கியமணி என்று ஒரு பெயர் இருந்தது. கட்கி வெடிமருந்து ஃபாக்டரியில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்ததும் அந்தப் பெயரில்தான். ஆனால் சபைக்கு அவர் 'மகனைக் கொடுத்தவர்'. எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் முன்வரிசையில் நாற்காலி போடுவார்கள். மகளும் ஒருத்தி இருக்கிறாள், பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்திவிட்டு வந்து சமைத்துப் போடுகிறாள் என்று யாரும் நாற்காலி போடவில்லை. அமலா இதைச் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கும்போது கொஞ்சம் வலிக்கவும் செய்யும்.

ஹெர்பர்ட்டின் ஊழியம் நாளை ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. அங்கே சபையில் வழியனுப்பு ஆராதனை. செவ்வாய்க்கிழமை விமானம். புதன்கிழமை காலையில் அவனும் பெண்சாதி ஃபேபியோலாவும் மகள் ஃபியோனாவும் பூனாவுக்கு வந்து இறங்குவார்கள், இனி திரும்பிப் போகாதபடிக்கு. அப்பா காலமானது அவனுக்கு இன்னும் தெரியாது. அப்பாவுக்கு உடம்பு முடியாததே அவனுக்குத் தெரியாது என்று அமலா நினைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால், இரண்டு கிட்னியும் போய்விட்டது, வயசு எண்பத்திரண்டு, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே அப்பா உத்தரவு போட்டுவிட்டார்.

"எர்பர்ட்டுக்குச் சொல்லப்பிடாது. பாதியில ஓடியாந்தான்னு எம்பிள்ளைக்குப் பேரு வரக்கூடாது. முடிச்சிட்டு வரட்டும். நான் போயிட்டா, அன்னைக்கே அடக்கம். யாருக்காவும் காத்துக் கெடக்க வேண்டாம்."

அப்பா சொன்னால் சொன்னதுதான். அமலாவும் அந்தப் பிடிவாதத்தில் பாதி உள்ளவள். ஹெர்பர்ட் வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் அப்பாவுக்குத் தலை வாரி, முதுகுக்குத் தலையணை கொடுத்து, முகம் மட்டும் தெரியும்படி போனைப் பிடித்தாள். அவர் இரண்டு வார்த்தை பேசுவார். மூச்சு வாங்குவதற்குள், "வெந்நீர் ஆறுது, அப்புறம் பேசுதோம்" என்று சொல்லி அணைத்துவிடுவாள். பவுன் அக்காவிடம் மட்டும்தான் விஷயத்தைச் சொன்னாள். அதுவும், "ஜெபத்துக்கு மட்டும் சொல்லுதேங்க்கா, பேரு வெளிய போகக்கூடாது" என்று சத்தியம் வாங்கிக்கொண்டு.

நேற்று முன்தினம், வியாழக்கிழமை காலையில், அவள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது அப்பா கரண்டியைக் கையால் தள்ளினார்.

"அவன வரச் சொல்லு."

"புதன்கிழமை வந்துருவாம்ப்பா. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடியட்டும்."

அப்பா அவளைப் பார்த்தார். "சரி" என்றார். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

மூன்று வாரத்துக்கு முந்தைய அப்பாவுக்குக் கீழ்ப்படிந்து, வியாழக்கிழமை அப்பாவைக் கைவிட்டுவிட்டோம் என்பது அவளுக்கு இன்று காலையில்தான் உறைத்தது. அன்று சாயங்காலமாவது தம்பியைக் கூப்பிட்டிருக்கலாம், பள்ளிக்கூடத்திலிருந்து போன் பண்ணியிருக்கலாம், எதையும் செய்யவில்லை.

"பாஸ்டர் கேக்காரு," என்றாள் பவுன் அக்கா, கோட்டின் கிழிந்த பாதியை அப்பாவின் முதுகுக்கு அடியில் செருகிக்கொண்டே. "நாலு மணிக்கு அடக்கம்னு சொல்லிரலாமா? அன்னைக்கே அடக்கம்னு அப்பா எழுதியே வச்சிருக்காராமே."

"புதன்கிழமை வரைக்கும் வைக்கணும். ஐஸ் பெட்டிக்காரனுக்குச் சொல்லிட்டேன்."

"அமலா, அப்பா வார்த்தையத் தட்டுதியே?"

"ஆமாக்கா. தட்டுதேன்."

பவுன் அக்கா கோட்டின் பொத்தானைப் போடத் தொடங்கினாள். அமலா போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் பாத்திரம் துலக்கும் இடத்துக்குப் போனாள். ஜாம்பியாவில் இப்போது காலை ஏழரை மணி இருக்கும்.

ஃபியோனாதான் எடுத்தாள். பதினாறு வயசு. அவளுக்குப் பின்னால் சுவர் முழுக்க வெறுமையாக இருந்தது. தரையெல்லாம் அட்டைப்பெட்டிகள், டேப் ஒட்டி எண் போட்டு. "அத்தை, குட் மார்னிங். அப்பா, அத்தை கால்!" என்று கத்தினாள்.

ஹெர்பர்ட் வந்தான். தாடியில் நரை ஏறியிருந்தது. அமலா சுற்றி வளைக்கவில்லை.

"அப்பா போயிட்டாருடா."

அவன் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்தான்.

"எப்போ?"

"இன்னைக்கு வெடியக்காலம். அஞ்சே முக்காலுக்கு. தூக்கத்துல."

"வலி இருந்துச்சா?"

"நேத்து இருந்துச்சு. ராத்திரி இல்ல."

நேத்து என்று சொன்ன பிறகுதான், சொல்லியிருக்கக் கூடாது என்று பட்டது. திடீரென்று போனார் என்று அவனுக்குச் சொல்வதாக இருந்தாள். ஆனால் அவன் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. 

"எனக்குத் தெரியும்க்கா," என்றான். "ரெண்டு வாரத்துக்கு மேலயே தெரியும்."

"யாரு சொன்னா?"

"மிஷன் ஆபீஸ்ல இருந்து வாரா வாரம் ஜெபக்குறிப்பு வரும்லா. புதன்கிழமைக் கூட்டத்துல நாந்தான் வாசிப்பேன். பூனாவுல ஒரு பெரியவரு, வயசு எண்பத்திரண்டு, ரெண்டு கிட்னியும் பழுது, மகன் வெளிநாட்டுல ஊழியத்துல இருக்காரு, மகனுக்குத் தெரிவிக்க வேண்டாம். அப்பிடின்னு இருந்துச்சு. பேரு போடல. வாசிச்சிட்டு எல்லாரும் முழங்கால் போடுங்கன்னு சொன்னேன். யாரோ ஒரு பெரியவருன்னுதான் ஜெபம் பண்ண ஆரம்பிச்சேன். பாதியில புரிஞ்சு போச்சு."

பவுன் அக்கா சத்தியத்தை மீறவில்லை. பெயரை யாருமே சொல்லவில்லை. ஒருத்தி இன்னொருத்தியிடம் ஜெபத்துக்கு மட்டும் என்று சொல்லி, அவள் வேறொருத்தியிடம் ஜெபத்துக்கு மட்டும் என்று சொல்லி, கடைசியில் யாருக்குத் தெரியக் கூடாதோ அவன் கைக்கே காகிதமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. வேறு நாளாக இருந்தால் அவளும் பவுன் அக்காவும் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்கள்.

"தெரிஞ்சுமா நீ வரல?"

"நீ சொல்லலையேக்கா. அப்பா சொல்லக் கூடாதுன்னு சொல்லிருக்காரு, அதான் சொல்லலன்னு நெனச்சேன். ரெண்டு தடவ டிக்கெட் மாத்தப் போனேன். ஃபேபியோலா, போங்க, நாங்க பின்னால வாரோம்னு சொன்னா. ஒவ்வொரு தடவையும் வீடியோவுல அப்பா மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருப்பேன், வான்னு ஒரு வார்த்த சொல்லிர மாட்டாரான்னு. நீ பொசுக்குனு வச்சிருவ."

அவன் உட்கார்ந்திருந்த பெட்டியின் டேப்பை நகத்தால் சுரண்டினான். 

"ரெண்டாவது வருசம், முடியலப்பா, வாரேன்னு எழுதினேன்லா. அதுக்கு என்ன பதில் போட்டாருன்னு உனக்குத் தெரியும்."

தெரியும். அந்தக் கடிதத்தை ஹெட்போஸ்டாபீஸில் சேர்த்தவளே அவள்தான். கொடுத்ததைத் திரும்ப வாங்கும் வழக்கம் நம்மிடம் இல்லை என்று ஒரே வரி.

"அதுக்கப்புறம் நானா கேக்கல," என்றான். பிறகு போனை முகத்துக்குக் கிட்டத்தில் கொண்டுவந்தான். "உண்மையச் சொல்லுக்கா. ஒரு தடவையாச்சும் என்ன வரச் சொன்னாரா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். அவள் வாயில் அதுதான் முதலில் வந்தது. சொன்னால் பழி அப்பாவோடு போய்விடும். மண்ணுக்குள் போகிறவருக்கு அது ஒரு பாரமா? தம்பியும் சரி, அப்பா அப்படித்தான் என்று எண்ணிக்கொண்டு வருவான். அவளும் இந்த வீட்டில் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டுப் போகலாம். ஆனால் அப்பா கரண்டியைத் தள்ளின விதம் அவளுக்கு மறக்கவில்லை. அந்த வார்த்தையை அவர் இருபத்தொரு வருஷம் கழித்துச் சொல்லியிருக்கிறார். அதைத் திருடி வைத்துக்கொள்ள அவளுக்கு உரிமை இல்லை.

"சொன்னாரு," என்றாள். "வியாழக்கிழமை காலையில. அவன வரச் சொல்லுன்னாரு. நாந்தான் ஞாயித்துக்கிழமை முடியட்டும்னு சொல்லிட்டேன். உனக்குச் சொல்லாதது நாந்தான், எர்பர்ட். அவரு இல்ல."

அவன் திட்டவில்லை. போனை எதன்மேலோ வைத்துவிட்டான். அவளுக்கு அந்த வீட்டின் கூரைத்தகரம் மட்டும் தெரிந்தது. வாசலில் ஐஸ் பெட்டி கொண்டுவந்தவர்கள் பிளக் எங்கே என்று இந்தியில் கேட்பதும், பவுன் அக்கா தமிழிலேயே பதில் சொல்வதும் கேட்டது. 

போனில் ஃபியோனாவின் முகம் வந்தது. கண் கலங்கியிருந்தது.

"அப்பா எங்கட்டி?"

"அப்பா... பாக்ஸ் ஓப்பன் பண்றாங்க அத்தை. டேப் எல்லாம் கட் பண்ணி."

"எதத் தேடுதான்?"

"தெரியல அத்தை." அவள் திரும்பிப் பார்த்தாள். "எதும் எடுக்கல. ஒண்ணு ஓப்பன் பண்றாங்க, அப்புறம் நெக்ஸ்ட் பாக்ஸ்."

"ஏளா அமலா, தல எந்தப் பக்கம் வைக்கணும்னு கேக்காங்க," என்று உள்ளேயிருந்து பவுன் அக்கா கூப்பிட்டாள். அமலா போனை அணைக்கவில்லை. டேப்பை இழுத்துக் கிழிக்கும் சத்தம் மறுபடியும் கேட்டது.