அழுக்கில்லாச் சாமியின் வயிறு

கோதண்டராமன் சாப்பிட்டதெல்லாம் அவன் மனைவி யசோதாவின் வயிற்றில் செரித்தது. கல்யாணம் முடித்து, பொம்மனஹள்ளியில் மஞ்சுநாத் வாடகைக்கு விட்டிருந்த லைன் வீடுகளில் ஒன்றில் அவர்கள் குடியேறிய 1993ஆம் வருஷமே இது தொடங்கிவிட்டது. அவன் வேலை செய்த லேத் பட்டறை வாசலில் நின்று போண்டா தின்றால், ஓசூர் ரோட்டில் கார்மென்ட்ஸ் கம்பெனியில் காலர் தைத்துக்கொண்டிருந்த அவளுக்கு எண்ணெய் ஏப்பம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அவன் குடல் வறுவலை வெளுத்துக்கட்டினால், திங்கட்கிழமை முழுக்க அவள் வயிறு கடமுடவென்று உருண்டது. பீர் அவன் குடித்தான், மூத்திரத்துக்கு அவள் ஓடினாள். சத்து மட்டும் எப்படியோ வழி கண்டுபிடித்து அவனிடமே போய்ச் சேர்ந்தது. அவன் கன்னம் உப்பி மினுமினுவென்று ஆனான். அவளோ ஒவ்வொரு பொங்கலுக்கும் பழைய ஜாக்கெட்டையே பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டாள்.

யசோதாவுக்குப் பெரிய ஆசையெல்லாம் கிடையாது. ஒரு வேளையாவது பசிக்கவேண்டும், பசித்த வயிற்றுக்கு வயிறாரத் தயிர்சோறு தின்னவேண்டும், அவ்வளவுதான். ஆனால் உள்ளே இடமிருந்தால்தானே. இரண்டு வாய் விழுங்கியதும் அவன் தின்ற பரோட்டா நெஞ்சுக்குழியில் வந்து நிற்கும். கட்டிக்கொண்டு போன டிபன் பாக்ஸ் பாதிக்குமேல் காலியானதே இல்லை. "ஏங்க, மத்தியானம் கருவாடா தின்னீங்க? எனக்குக் கொமட்டிக்கிட்டு வருது" என்று அவள் கேட்டபோது முதலில் அவன் திகைத்தான். பிறகு பழகிவிட்டது. "அதுக்கு நான் என்ன பண்றது? ஒழைக்கற ஒடம்பு, திங்காம இருக்க முடியுமா?" என்று சொல்லிவிட்டு வாழைப்பழத்தை உரித்தான். டாக்டர் வாயுத் தொல்லை என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

எட்டு வீட்டுக்கும் சேர்த்துக் கோடியில் ஒரே கக்கூஸ். காலையில் ஆளாளுக்கு வாளியும் கையுமாக வரிசையில் நிற்பார்கள். அதனால் யாருக்கு எப்போது வரும், யாருக்கு இரண்டு நாளாக வரவில்லை என்பதெல்லாம் ஊரறிந்த சங்கதி. யசோதா ஒருமுறை போய்விட்டு வந்து, திரும்பவும் வரிசையின் கடைசியில் போய் நிற்பாள். அவளுக்குப் பின்னால் உள்ளே போன பக்கத்து வீட்டு அனந்தலக்ஷ்மி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள். "ஒடம்பு ஊசி மாதிரி இருக்கு, அப்படி என்னத்தடி திங்கற?" என்றாள். யசோதாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்போல் இருந்தது. அது அவள் தின்றதுகூட இல்லை. இன்னொருத்தன் மென்று முழுங்கியதைச் சுமந்துபோய் இறக்கிவிட்டு, அந்த நாற்றத்துக்கும் அவளே பேர் வாங்கினாள்.

வரிசையில் கோதண்டராமனை ஒருநாளும் பார்த்ததில்லை என்பதை வீட்டுக்காரர் மஞ்சுநாத்தான் கவனித்தார். "என்னப்பா கோதண்டு, ஏரிப் பக்கம் போறியா?" என்று கேட்டார். "இல்ல சார், எனக்கு வர்றதே இல்ல" என்றான் அவன், மெடல் வாங்கியவன்போல. மஞ்சுநாத் நம்பாமல் ஒரு மாதம் அவனைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்துவிட்டு, கடைசியில் அவன் காலில் விழுந்தார். உள்ளே போனது அழுக்காக வெளியே வராத உடம்பு மனித உடம்பாக இருக்க முடியாது என்று அவர் எல்லாரிடமும் சொன்னார். அழுக்கில்லாச் சாமி உண்டானது இப்படித்தான். சாமியான பிறகு 'அவர்' என்றுதான் சொல்லவேண்டும் என்பார்கள். இந்தக் கதையில் அவன் அவன்தான். அத்திபெலேயிலிருந்து பஸ்ஸிலும் வைட்ஃபீல்டிலிருந்து காரிலும் ஜனங்கள் வந்தார்கள். சாமிக்குப் படைத்த சோறு ஒரு பருக்கைகூட மலமாவதில்லை என்பதால் படைப்பதுதான் பெரிய புண்ணியம் என்று ஆயிற்று. பொங்கல், போளி, புளியோதரை, பிரியாணி என்று பந்தி பந்தியாக நடந்தது. அவன் வேலையை விட்டுவிட்டுத் தின்றான். அவள் அடிக்கடி கக்கூஸுக்கு எழுந்து போகிறாள் என்று கம்பெனியில் அவளை நிறுத்திவிட்டார்கள்.

2001 யுகாதியன்று அவன் போளியை அடுக்கு அடுக்காக உள்ளே தள்ளினான். கோடிக் கக்கூஸுக்கும் வீட்டுக்குமாக நடந்து கால் ஓய்ந்த யசோதா, சேலை நுனி ஈரம் சொட்ட, பக்தர்கள் நடுவில் வந்து நின்றாள். "திங்கறது இவரு, கக்கூஸுக்குப் போறது நானு" என்றாள். "மாடு தின்னா மாடுதான் சாணி போடுது. செடி தண்ணி குடிச்சா அதோட எலையிலதான் ஆவி போகுது. புழுகூடத் தன் வயித்துலதான் செரிச்சுக்குது. இவரு ஒருத்தருக்குத்தான் என் வயிறு. ஒரு நாளாவது இவருக்குச் சோறு போடாதீங்க. நான் சாப்பிடணும்." மஞ்சுநாத் சோதித்துப் பார்த்தார். சாமியின் வாயில் பச்சைப் பூண்டைப் போட்டதும் யசோதாவின் ஏப்பம் கூடம் முழுக்க மணத்தது. எல்லாரும் முகம் சுளிப்பார்கள், இனி சாமியும் இல்லை பந்தியும் இல்லை என்று அவள் நினைத்தாள். மஞ்சுநாத் கைகூப்பினார். "தாயி, மொதல்லயே சொல்லக் கூடாதா? போயும் போயும் பொதுக் கக்கூஸ்ல போயி நிக்கிறீங்களே" என்றார்.

இரண்டே மாதத்தில் அவளுக்கென்று தனிக் கக்கூஸ் எழும்பியது. நீல டைல்ஸ், பித்தளைத் தாழ்ப்பாள், கதவில் 'உபயம்' என்று போட்டுக் கொடுத்தவர்கள் பெயர்கள். இத்தோடு விடாமல், முதல் பந்தி அம்மாவிடமிருந்து இறங்குவதற்குள் சாமிக்கு அடுத்த இலை போடுவது பாவம் என்று பக்தர்கள் ஒரு விதியும் செய்துகொண்டார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. ரிப்பன் வெட்டிய அன்று முதல் பந்தி முடிந்ததும் அவள் உள்ளே போய்த் தாழிட்டாள். வெளியே பாட்டை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். மஞ்சுநாத் மரியாதையாகக் கதவைத் தட்டினார். "அம்மா, ஆச்சா? அடுத்த பந்தி போடலாமா?"

ஆகியிருந்தது. "இன்னும் இல்ல" என்றாள் யசோதா.

அவர்கள் காத்திருந்தார்கள். மறுபடி தட்டினார்கள். "இன்னும் இல்ல." புளியோதரை ஆறியது, போளியில் ஈ மொய்த்தது. சாயங்காலம் கோதண்டராமனே வந்து கதவில் வாயை வைத்து, "யசோதா, கண்ணு இருட்டிக்கிட்டு வருது, சீக்கிரம் வெளிய வாயேன்" என்று கெஞ்சினான். அவள் அடிவயிற்றில் என்னவோ சுருக்கென்று இழுத்தது. வலி என்று பயந்து கையால் அழுத்திப் பார்த்தாள். பிறகுதான் அது பசி என்று தெரிந்தது. கதவை ஒரு சாண் திறந்து, அனந்தலக்ஷ்மியைக் கூப்பிட்டு ஒரு கிண்ணம் தயிர்சோறு கேட்டாள். பினாயில் வாடைக்கு நடுவில், ஈர டைல்ஸ் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டாள். இன்னொரு கிண்ணமும் கேட்டு வாங்கினாள்.

அதிலிருந்து பக்தர்கள் சனிக்கிழமைகளில் வருகிறார்கள். பாத்திரங்களை இறக்கி வைத்துவிட்டு, சாமியைக் கும்பிட்டு, அந்த நீலக் கதவின் முன்னால் வரிசையாக உட்காருகிறார்கள். யசோதா "ஆச்சு" என்றால் சாமிக்கு இலை போடுவார்கள். "இன்னும் இல்ல" என்றால் பாத்திரங்களை மூடி எடுத்துக்கொண்டு அத்திபெலே பஸ் ஏறுவார்கள்.