விரல் வாசித்த பத்திரம்

நீலத்திரை நாற்பத்தெட்டு இலக்க எண்ணைக் கேட்டு நின்றது. தட்டச்சு செய்யும் ருக்சானா மூன்றாவது முறையாக அலுவலகக் கணினியை அணைத்துப் போட்டாள்; மூன்றாவது முறையும் அதையே கேட்டது. மணி பத்தே கால். பதினொன்றரைக்குப் பத்திரப் பதிவு டோக்கன். பத்திர எழுத்தர் பெருமாள்சாமி வேறொரு கட்சிக்காரரோடு எதிரிலிருந்த சார்பதிவாளர் அலுவலகத்துக்குள் போயிருந்தார். மேசைக்கு முன்னால் குஜிலியம்பாறைப் பக்கமிருந்து வந்த சோலைமுத்துவும் அவன் அக்கா ராமுத்தாயும் உட்கார்ந்திருந்தார்கள். தகப்பன் நிலத்தில் அக்கா தன் பங்கைத் தம்பிக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம். நேற்று மதியமே ருக்சானா அதை அடித்து முடித்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் சும்மா இருக்க மாட்டாமல் கணினியில் கைவைத்தாள்.

மூன்று மாதமாகவே அவளுக்குக் கை துறுதுறுத்தது. பன்னிரண்டாம் வகுப்பில் அரசு கொடுத்த மடிக்கணினியில் விண்டோஸ், லினக்ஸ் என்று இரண்டு இயங்குதளமும் சேர்ந்தே இருந்தன. வாங்கிய வாரமே வகுப்பு மொத்தமும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய் இரண்டாவதை அழித்துவிட்டு வந்தது, இடத்தை அடைக்கிறதாம். அதை ஒருமுறைகூடத் திறந்து பார்க்காமல் விட்டது இத்தனை வருடம் கழித்து அவளை உறுத்தியது. ஒரு வட்டில் இரண்டு சிஸ்டம் இருப்பதில் மாயம் எதுவுமில்லை. பழையதைக் கொஞ்சம் ஒதுங்கச் சொல்லி, காலியான இடத்தில் புதியதைக் குடிவைக்க வேண்டும். கணினியைப் போட்டதும் ஒரு பட்டியல் வரும். எதற்குள் போக வேண்டுமென்று பத்து நொடிக்குள் சொல்ல வேண்டும். இதை அவள் ஆசையாக விளக்கியபோது பெருமாள்சாமி, "இருக்குற ஒண்ணோடயே மல்லுக்கட்டிக்கிட்டு இருக்க, இன்னொண்ண வேற கூட்டியாரியா பாப்பா?" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

லினக்ஸ் நன்றாகத்தான் ஏறியது. அதை உள்ளே விடுவதற்காகத் தொடக்க அமைப்பில் ஒரு பாதுகாப்பை அணைத்து வைத்திருந்தாள். அந்த மாற்றத்தைக் கண்டதும் விண்டோஸ் சந்தேகப்பட்டுத் தன் பகுதியைப் பூட்டிக்கொண்டது. திறக்கும் எண், கணக்கு வைத்திருப்பவரின் மின்னஞ்சலில் கிடைக்கும். கணக்கோ அவளுடையதில்லை. கணினியை விற்ற ரஃபி, வாடிக்கையாளர் எல்லாருக்கும் தன் மின்னஞ்சலையே போட்டுக் கொடுப்பான். கடவுச்சொல் மறந்துவிட்டது என்று ஒருவரும் வந்து நிற்க மாட்டார்கள் அல்லவா? அவன் இப்போது மலேசியாவில் இருந்தான். ஆறு முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை.

பென்டிரைவில் ஒரு பிரதி இருந்தது. லினக்ஸுக்குள் போய் அதைத் திறந்தாள். பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகக் கிடந்தன. அவளுக்கு உடனே புரிந்தது. அலுவலகத்தின் பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு அது. அதில் கணினி தமிழைச் சேமிப்பதேயில்லை. எந்த விசையைத் தட்டினோமோ அந்த ஆங்கில எழுத்தைத்தான் சேமிக்கும், எழுத்துரு அதன்மேல் தமிழை வரைந்து காட்டும். இணையத்தில் கிடைக்காத அந்த எழுத்துருவோ பூட்டிய பகுதிக்குள் மாட்டிக்கொண்டது.

"முடியுமா முடியாதா, அதச் சொல்லும்மா" என்றான் சோலைமுத்து. முடியும் என்று சொல்லிவிட்டு, எப்படி என்று யோசித்தாள். திரையில் 'epyk;' என்று ஓர் இடத்தில் கிடந்தது. அவள் விரல்கள் மேசைமேல் தாமாகவே அந்த ஐந்து விசைகளையும் தட்டின. நிலம். பதினோரு வருடத் தட்டச்சுப் பழக்கம், கண்ணுக்குப் புரியாததை விரலுக்குப் புரியவைத்தது. ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, வார்த்தை பிடிபட்டதும் வாய்விட்டுச் சொல்லி, திரையிலேயே பக்கத்தில் திறந்த இன்னொரு சன்னலில் புதிதாக அடிக்கத் தொடங்கினாள். சோலைமுத்து இருப்புக்கொள்ளாமல் எழுந்து டீ வாங்கப் போனான்.

வழக்கமாகப் பத்திரத்தைப் பெருமாள்சாமிதான் வாசித்துக் காட்டுவார். மூச்சு விடாமல் ஓடும் அந்த வாசிப்பில் ஊர் பெயர் மட்டும்தான் காதில் விழும். இன்று ஒரு வரிக்கு இரண்டு நிமிடம் ஆனது. நான்கு எல்லைகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கிழக்கே ஓடை. வடக்கே வண்டிப்பாதை. ராமுத்தாய் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாள். "மேற்படி நிலத்திலுள்ள கிணற்றில்" என்று ருக்சானா சொன்னபோது தலை நின்றுவிட்டது.

"கெணறா?"

ருக்சானா அடுத்த வரியை விரலால் தடவினாள். கிணற்றில் சரிபாதியும், மின்மோட்டார் இணைப்பில் பாதியும், தண்ணீர் பாய்ச்சும் பாத்தியமும். நேற்று இதை அடித்தவள் அவள்தான். விரல்கள் அடித்தன, அவள் வாசிக்கவில்லை.

"மேட்டுக்காடு மட்டுந்தேன்னு சொன்னான் தாயி" என்றாள் ராமுத்தாய். குரல் உயரவில்லை. "கெணத்தக் குடுத்துட்டு எம் பூச்செடிக்குத் தண்ணிக்கு நான் எங்கிட்டுப் போவேன்?"

கைப்பேசி அதிர்ந்தது. பெருமாள்சாமி. டோக்கனுக்கு இன்னும் இருபது நிமிடம்தான், பிரிண்ட் எடுத்தாயிற்றா என்றார். ஆகவில்லை என்றாள். எது ஆகவில்லை என்று அவர் கேட்கும்போதே இணைப்பைத் துண்டித்தாள். அந்த வரியை அப்படியே அடித்துவிடலாம். அதுதான் அவள் வேலை. விசைகளின்மேல் விரல்கள் நின்றன, இறங்கவில்லை. மறுபடி கைப்பேசி அதிர்ந்தது. அதைக் கவிழ்த்து வைத்தாள்.

ராமுத்தாய் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து திரைக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தாள். "மொதல்லருந்து வாசி. செத்த நேரமானா ஆயிட்டுப் போகுது."

ருக்சானா பக்கத்தின் மேலே போனாள். கதவருகே சோலைமுத்து, மூன்று டீ கிளாஸையும் விரல் நுனிகளில் கவ்விப் பிடித்தபடி நின்றான். சூடு தாங்காமல் கைமாற்றிக்கொண்டே, வைக்க இடம் தேடினான். மேசை முழுக்கக் காகிதம். இரண்டு பெண்களில் ஒருத்தியும் அதை ஒதுக்கவில்லை.